அண்மைக்கு ஓர் அலை, சேய்மைக்கு ஓர் அலை

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டித் தாமல் என்னும் ஊர் இருக்கிறது. அவ்வழிச் செல்வோர் கண்ணில் முதலில் படுவது அதன் பெரிய ஏரி. ஊருக்குள் வந்தால் வராகீசுவரர் கோயிலைக் காணலாம். தொண்டைமண்டலத்து 24 கோட்டங்களுள் ஒன்றாகிய தாமர்க் கோட்டம் இவ்வூரின் பெயரால் வழங்கியது என்பர். நான் பிறந்து வளர்ந்தது இவ்வூரில்தான். எனினும், இன்று நான் பேச வந்தது கோயிலைப் பற்றியும் அன்று. கோட்டத்தைப் பற்றியும் அன்று. எங்கள் வீட்டுக் கூடத்தில், சுவாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும் ஒரு சிறு பெட்டியைப் பற்றியே பேசப்போகிறேன். ரவுட்டர் என்று நீங்கள் அனைவரும் அறிந்த பெட்டிதான் அது.

எங்களது நெசவுக் குடும்பம். பழைய வீடு, அகலம் குறைவு, நீளம் அதிகம். தெருப்பக்கம் திண்ணை, அதை அடுத்து நடை, பிறகு தறி கிடக்கும் கூடம், அப்பால் முற்றம், அதன் பின்னே சமையற்கட்டு, எல்லாவற்றுக்கும் பின்னால் ஓர் அறை. சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கனமாகக் கட்டியவை. கூடத்தில் என் அண்ணன் இன்றும் தறியில் அமர்கிறார். பின்னறையில் அவருடைய மகள் படிக்கிறாள். நெசவுச் சத்தம் எட்டாத இடம் வீட்டில் அது ஒன்றே என்பதால் அவ்வறையை அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் வீட்டிற்கு இணைய இணைப்பு வந்தது. இணைப்பு அமைத்துத் தந்த இளைஞர், கைப்பேசியில் இரண்டு பெயர்களைக் காட்டினார். இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து வருவன. ஒன்றின் வாலில் மட்டும் ‘5ஜி’ என்று எழுதியிருந்தது. “இதுதான் வேகமானது, இதையே வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிச் சென்றார். நானும் உடனிருந்தேன், பல ஆண்டுகள் பௌதிகம் கற்பித்தவன், ஆயினும் வாய் திறவாதிருந்தேன். வேகம் என்ற சொல்லுக்கு நம்மிடையே அத்துணை மதிப்பு.

அடுத்த மாதம் அண்ணன் மகளுக்கு ஓர் உதவித்தொகைக்கான நேர்காணல் இணையவழி நடந்தது. பின்னறையில் அமர்ந்து பேசினாள். மூன்று முறை படம் உறைந்தது. இரண்டு முறை இணைப்பே அறுந்தது. நான்காம் கேள்விக்கு அவள் சொன்ன விடையில் பாதி எதிர்ப்புறத்தைச் சென்றடையவில்லை. அவ்வுதவித்தொகை அவளுக்குக் கிட்டவில்லை. அலை அறுந்ததொன்றே காரணம் என்று நான் துணிந்து கூறமாட்டேன். ஆனால் அன்று மாலை அவள் என்னிடம் கேட்டது இன்னும் என் காதில் ஒலிக்கிறது: “சித்தப்பா, வேகமானது என்று சொன்னார்களே, அது ஏன் என் அறை வரைக்கும் வரவில்லை?”

அந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோது, அது எங்கள் வீட்டுக் கேள்வி மட்டும் அன்று என்பதை உணர்ந்தேன். கம்பியில்லாச் செய்தி பிறந்த நாளிலிருந்தே எந்த அலையைத் தேர்வது என்ற வினா மனிதரைத் தொடர்ந்து வந்திருக்கிறது. நம் சென்னை வானொலியின் வரலாறும் இவ்வினாவுக்குச் சொன்ன விடைகளின் வரலாறே எனலாம்.

முதலில் அலையைச் சிறிது அறிந்துகொள்வோம். வானொலி அலை நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஒரு நொடியில் அது எத்தனை முறை அதிர்கிறதோ, அதுவே அதன் அதிர்வெண். அதிர்வு மிக மிக அலையின் நீளம் குறுகும். சென்னை வானொலி நேயர்களுக்கு நெடுங்காலம் பழக்கமான 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையின் நீளம் 400 மீட்டருக்குச் சற்று மிகுதி. எங்கள் வீட்டுப் பெட்டி வழங்கும் இரண்டனுள் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 240 கோடி அதிர்வு, அதன் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். நீளம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். பெட்டியின் பெயரில் காணும் ‘5ஜி’ என்பது இந்த ஐந்து கிகாஹெர்ட்ஸைக் குறிப்பதே. கைப்பேசி நிறுவனங்கள் கூறும் ஐந்தாம் தலைமுறைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. இப்பெயர் மயக்கத்தில் நானே பலரைக் கண்டிருக்கிறேன்.

இத்தகைய குறுகிய அலைகள் புதியன என்று நினைப்பீர்கள். அன்று. ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1880களின் இறுதியில் மின்காந்த அலைகளை ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பித்துக் காட்டினார். அதன்பின் நம் நாட்டின் ஜகதீச சந்திர போஸ், 1895ஆம் ஆண்டில் கல்கத்தாவில் பலர் முன்னிலையில் ஒரு சோதனை நிகழ்த்தினார். ஓர் இடத்தில் பிறப்பித்த அலை, இடையே இருந்த சுவரையும் கடந்து சென்று, தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தது, வெடிமருந்தைப் பற்றவைத்தது. அவருடைய ஆய்வுகள் 5 மில்லிமீட்டர் நீளமுள்ள அலைகள் வரை சென்றன. அது 60 கிகாஹெர்ட்ஸ்! எங்கள் கூடத்துப் பெட்டியின் அலையைக் காட்டிலும் பத்து மடங்குக்கு மேற்பட்ட அதிர்வெண்.

ஆனால் உலகம் அன்று போஸின் அலையைத் தேர்ந்தெடுக்கவில்லை. கப்பலுக்கும் கரைக்கும், கண்டத்துக்கும் கண்டத்துக்கும் செய்தி அனுப்ப வேண்டியிருந்தது. மார்க்கோனி நெட்டலைகளை நாடினார். 1901 டிசம்பரில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி அவருக்குக் கிட்டிய குறிப்பொலி நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள அலையில் வந்தது. போஸின் அலை அறிவுக்கு விருந்தாயிற்று. மார்க்கோனியின் அலை வாணிகத்துக்கு உதவிற்று. எந்த அலை உயர்ந்தது என்று அன்று எவரும் தீர்ப்புக் கூறவில்லை. எதற்காக என்ற கேள்வியே தேர்வைச் செய்தது.

இனிச் சென்னைக்கு வருவோம். சி. வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவரின் முயற்சியால் 1924 மே 16ஆம் நாள் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பும் நடந்தது. பணமின்மையால் 1927இல் கழகம் ஓய்ந்தது. அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் நாள் தொட்டு ஒலிபரப்பி வந்தது. மாலை வேளையில் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வழியாக நகர மக்கள் இசை கேட்டனர். அது நகரத்தார்க்கே உரிய இன்பம். ஆற்றல் குறைந்த அக்கருவியின் ஒலி மாகாணத்துக் கிராமங்களை எட்டவில்லை.

1936இல் அகில இந்திய வானொலி என்னும் பெயர் சூடிய அரசு நிறுவனம், 1938 ஜூன் 16ஆம் நாள் சென்னையில் தன் நிலையத்தைத் திறந்தது. இங்கேதான் நம் கதையின் நடுப்பகுதி இருக்கிறது. அந்நாளில் பொறியாளர் முன் இருந்த வினா யாது? மத்திய அலை தரையோடு தவழ்ந்து செல்வது. அண்மையில் உள்ளவர்க்குத் தெளிவாகக் கேட்கும். ஆனால் தொலைவு செல்லச் செல்லத் தேயும். வெப்ப நாடுகளில் இடிமின்னலால் எழும் இரைச்சலும் அதனை மிகுதியாகக் கெடுக்கும். சிற்றலையோ வானத்தின் மேலடுக்கில் உள்ள மின்மண்டலத்தில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கும். ஆனால் ஒரு நேரம் ஓங்கும், ஒரு நேரம் மங்கும். ஒன்று தெளிவு, மற்றொன்று தொலைவு. எதைக் கொள்வது?

சென்னை நிலையம் இரண்டையும் கொண்டது. நகரத்துக்கென்று கால் கிலோவாட் ஆற்றலில் ஒரு மத்திய அலை. பரந்த மாகாணத்துக்கென்று 10 கிலோவாட் ஆற்றலில் ஒரு சிற்றலை. கூர்ந்து பாருங்கள்: அருகில் இருப்பவர்க்குக் கொடுத்ததைப்போல் நாற்பது மடங்கு ஆற்றல், தொலைவில் இருப்பவர்க்கு வழங்கப்பட்டது. இன்று எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் பெட்டி இரண்டு அலைக்கற்றைகளை வழங்குவதைக் கண்டு நாம் வியக்கிறோம். அண்மைக்கு ஒன்று, சேய்மைக்கு ஒன்று என்னும் அதே ஏற்பாடு, முக்கால் நூற்றாண்டுக்கு முன்னரே சென்னை வானொலியில் இருந்தது. மறு ஆண்டு, 1939 மே 16ஆம் நாள், திருச்சிராப்பள்ளியில் 5 கிலோவாட் மத்திய அலை நிலையம் எழுந்தது. தொலைவிலுள்ளவர்க்கு உதவ வேறொரு வழியும் உண்டு என்பதை அது காட்டியது: அலையை நீட்டுவதற்குப் பதிலாக நிலையத்தையே மக்கள் அருகில் கொண்டு செல்வது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்நாளைய இரண்டு அலைகளுள் அதிர்வெண் மிகுந்த சிற்றலையே தொலைவு சென்றது. எங்கள் வீட்டிலோ அதிர்வெண் மிகுந்த 5 கிகாஹெர்ட்ஸ்தான் பின்னறையை எட்டாமல் நின்றது. முரண்போல் தோன்றும், முரண் அன்று. சிற்றலைக்கு வானத்தில் ஒரு கண்ணாடி இருந்தது. வீட்டுக்குள் அலைக்குக் கண்ணாடி இல்லை, சுவர்களே உண்டு. ஆகவே, அதிர்வெண்ணை மட்டும் கேட்டு அலையின் குணத்தைச் சொல்லிவிட முடியாது. அது செல்லும் வழியில் என்ன இருக்கிறது என்பதையும் கேட்டல் வேண்டும்.

1977 ஜூலை 23ஆம் நாள் இந்தியாவின் முதற் பண்பலை ஒலிபரப்பு சென்னையில் தொடங்கிற்று. அதன் அலைநீளம் மூன்று மீட்டர் அளவே. இசை கேட்க அதற்கு நிகர் இல்லை. ஆனால் அது வானத்தில் பட்டுத் திரும்புவதில்லை. ஏறத்தாழ அடிவானத்தோடு அதன் ஆட்சி முடிந்துவிடும். என் இளமையில் தாமலில் எங்கள் திண்ணை வானொலியில் சென்னையின் மத்திய அலையைக் கேட்டோம். இரவில் இலங்கை வானொலியைச் சிற்றலையில் தேடிப் பிடித்தோம். பண்பலையின் இனிமையைச் சென்னையில் உறவினர் வீட்டுக்குச் சென்றபோதுதான் அறிந்தேன். நகரத்துக்கு நயம், கிராமத்துக்குக் கரகரப்பு என்று அன்று என் தந்தையார் வேடிக்கையாகச் சொன்னதுண்டு.

வீட்டுப் பெட்டியின் இரண்டு அலைகளும் எவ்வாறு வந்தன? 1947இல், நம் நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில், அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி நகரில் உலக நாடுகள் கூடி அலைகளைப் பங்கிட்டன. அப்போது 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி, செய்திக்கென்று அல்லாமல், தொழிலுக்கும் அறிவியலுக்கும் மருத்துவத்துக்கும் ஒதுக்கப்பட்டது. உணவைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பு அப்பகுதியிலேயே இயங்குகிறது. அடுப்புகளின் இரைச்சல் மிகுந்த அந்த இடத்தைச் செய்திக்காரர்கள் எவரும் விரும்பவில்லை. 1985இல் அமெரிக்க அரசின் தொடர்பு ஆணையம், அத்தகைய பகுதிகளில் உரிமம் இன்றியே குறைந்த ஆற்றலில் செய்தி அனுப்பலாம் என்று விதி செய்தது. எவரும் வேண்டாத புறம்போக்கு நிலம் ஊர்ப் பொதுவாயிற்று. அதில் முளைத்ததே வைஃபை. 1997இல் அதற்கு முதல் தரவிதி வகுக்கப்பட்டது. 1999இல் இரண்டு புதிய விதிகள் வெளிவந்தன: ஒன்று 2.4, மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். இரண்டாவது விரைவு மிக்கது. எனினும் மக்கள் முதலில் ஏற்றுக்கொண்டது மலிவானதும் தொலைவு எட்டுவதுமான 2.4 கற்றையையே. பின்னர் வீடுதோறும் கருவிகள் பெருகி அதில் நெரிசல் உண்டான பிறகுதான் 5 கிகாஹெர்ட்ஸ் வீடுகளில் பரவிற்று.

நம் நாட்டில் இந்த உரிமை சற்றுத் தாமதித்தே வந்தது. 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, உரிமம் இன்றி ஒரு வானொலிப் பெட்டியை வைத்திருப்பதே அந்நாளில் குற்றமாக இருந்தது. என் தந்தையார் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் பணம் கட்டி வானொலி உரிமத்தைப் புதுப்பித்து வந்ததை நான் கண்டிருக்கிறேன். 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்பளித்தது. 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கற்றை உரிமத்திலிருந்து விலக்குப் பெற்றது. 5 கிகாஹெர்ட்ஸில் தொடக்கத்தில் சில பகுதிகளுக்கே, அதுவும் பெரும்பாலும் கட்டடத்துக்குள் மட்டுமே இசைவு இருந்தது. 2018 அக்டோபரில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பரப்பு திறந்துவிடப்பட்டது. எங்கள் வீட்டில் எந்த அலையைத் தேர்வது என்று நாங்கள் விவாதிக்க முடிந்ததே இந்த ஆணைகளின் பயன்.

உரிமம் தேவையற்ற அலை ஏழைக்கு எவ்வளவு உதவும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. தேனியில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனை, அமெரிக்காவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, சுற்றுவட்டாரக் கண்பார்வை மையங்களை வைஃபை வழியாகவே இணைத்தது. உயர்ந்த கோபுரங்களில் ஒரு திசையை மட்டும் நோக்கும் அலைவாங்கிகளைப் பொருத்தியதால், வீட்டுக்குள் சில அறைகளைத் தாண்டத் திணறும் அதே வகை அலை பல கிலோமீட்டர் சென்றது. கிராமத்து முதியவர் தம் ஊரிலேயே அமர்ந்து, தேனியில் இருந்த மருத்துவரிடம் கண்ணைக் காட்டினார். வழியில் சுவர் இல்லை, அதுவே காரணம்.

இப்போது அண்ணன் மகளின் கேள்விக்கு விடை சொல்லலாம். 5 கிகாஹெர்ட்ஸ் கற்றை அகன்ற சாலை. 605 மெகாஹெர்ட்ஸ் பரப்பு. அதில் ஒரே நேரத்தில் மிகுதியான செய்தி செல்லும். ஆனால் அதிர்வெண் இரட்டித்தால், அதே வகைச் சிறு அலைவாங்கி அதே தொலைவில் பெறும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகக் குறையும். செங்கற்சுவரும் அதனை மிகுதியாக உறிஞ்சும். கூடத்திலிருந்து பின்னறைக்கு மூன்று சுவர். இடையே சேலைகள் வைத்துப் பூட்டிய இரும்புப் பீரோ வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸோ குறுகிய சாலை, 83.5 மெகாஹெர்ட்ஸே அதன் பரப்பு. ஆனால் சுவரைக் கடந்து பின்னறைக்கு வந்து சேரும். வேகமான வண்டி வாயிலோடு நின்றுவிட்டால், மெதுவாயினும் வீட்டுக்குள் வரும் வண்டியே நமக்கு உதவும்.

அக்குறுகிய சாலையிலும் ஒழுங்கு வேண்டும். அதில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே: 1, 6, 11. தெருவில் எல்லா வீட்டுப் பெட்டிகளும் ஒரே தடத்தில் பேசினால் எவர்க்கும் நிறைவாகக் கிட்டாது. இதனைத் தாமல்காரர்க்கு விளக்குவது எளிது. ஏரியில் நீர் குறைந்த ஆண்டில் எல்லா வயலும் ஒரே நாளில் மடையைத் திறந்தால் கடைமடை காயும். முறை வைத்துப் பாய்ச்சினால் எல்லார்க்கும் நனையும். வைஃபைப் பெட்டிகளும் ஒன்று பேசும்போது மற்றொன்று காத்திருக்கும் முறையில்தான் இயங்குகின்றன. நெரிசல் மிகுந்தால் காத்திருப்பு நீளும். ஆகவே அண்டை வீட்டார் எந்தத் தடத்தில் இருக்கிறார் என்று பார்த்து, காலியாக உள்ள தடத்தைக் கொள்வது இருவர்க்கும் நலம்.

நாங்கள் செய்தது இவ்வளவே. பெட்டியைக் கூடத்து ஆணியிலிருந்து எடுத்து முற்றத்தை ஒட்டிய சுவரில், பீரோவின் மறைவு இல்லாத உயரத்தில் பொருத்தினோம். அண்ணனுக்குச் சேலை மாதிரிப் படங்கள் பெரிய அளவில் வரும். அவர் பெட்டிக்கு அருகில் இருப்பதால் அவருடைய கைப்பேசியை 5 கற்றையில் சேர்த்தோம். பின்னறையில் படிக்கும் பெண்ணின் கணினியை 2.4 கற்றையில், பக்கத்து வீட்டார் இல்லாத தடத்தில் சேர்த்தோம். செலவு எதுவும் இல்லை. பின்னர் வசதி கிட்டியபோது பின்னறைக்குக் கம்பியே இழுத்து, அங்கு ஒரு சிறு பெட்டியும் வைத்தோம். திருச்சிராப்பள்ளி நிலையத்தின் வழி அது. இரண்டாவது பெட்டியை எத்தனை வீட்டார் வாங்க இயலும்? எனவே, இருக்கும் ஒன்றை அறிந்து பயன்படுத்துவதே முதற் கல்வி. அடுத்த ஆண்டு வேறொரு நேர்காணல் வந்தது. அன்று அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உரிய இடத்தைச் சேர்ந்தது. இன்று கல்லூரியில் படிக்கிறாள்.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இத்தகைய பெட்டி இருக்கலாம். எந்த அலை வேகமானது என்பதை முதற் கேள்வியாகக் கொள்ளாதீர்கள். வீட்டில் மிகத் தொலைவில் அமர்ந்திருப்பவர் யார், இடையே எத்தனை சுவர், அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் அத்தொலைவில் இருப்பவர் சமையற்கட்டில் உள்ள தாயாராகவோ, பின்னறையில் படிக்கும் தங்கையாகவோ இருப்பார். 1938இல் இம்மாகாணத்துக்கு அலை வகுத்தவர்கள் நகரத்துக்குக் கால் பங்கும் தொலைவிலிருந்தவர்க்குப் பத்துப் பங்கும் அளந்தார்கள். பல ஆண்டுகள் பௌதிகம் கற்பித்த நான், என் சொந்த வீட்டில் அவ்வாறு அளக்க மறந்தேன். நீங்கள் மறவாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இதனைச் சொன்னேன்.